எல்லைப்புறமும் நரமாமிசமும்: ‘றேவனஸ்’ திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

நரமாமிசம் உண்போர் என்னும் பழி, குடியேற்றவாத வரலாற்றில் பெரும்பாலும் வெல்லப்பட்ட மக்கள்மீதே சுமத்தப்பட்டு வந்துள்ளது. ஐரோப்பிய மொழிகளில் அத்தகையோரைக் குறிக்கும் சொல்லே, கொலம்பசின் வருகையின் பின்னர் கரிபியன் மக்களின் பெயரிலிருந்து பிறந்ததாகும். அமெரிக்க ‘வெஸ்டர்ன்’ படங்களுட் பெரும்பாலானவையும் வெள்ளையரை நாகரிகத்தின் காவலராகவும் ஆதிக்குடியினரை அதன் பகைவராகவுமே சித்திரித்தன. 1999இல் பிரித்தானிய நெறியாளர் அன்ரோனியா பேர்ட் உருவாக்கிய ‘றேவனஸ்’ இப்பழியைத் திருப்பிப் போடுகின்றது.

கதையின் களம் 1847ஆம் ஆண்டின் கலிபோர்ணியா. மெக்சிக்கோவுடனான போர் நிகழ்ந்த காலம். போர்க்களத்திற் பிணம்போற் கிடந்து உயிர்தப்பிய பொய்ட் என்னும் படையதிகாரி, சியெரா நெவாடா மலையிலுள்ள ஒதுக்குப்புறக் கோட்டையொன்றுக்கு அனுப்பப்படுகிறான். பனியிற் சிக்கிய குடியேறிகள் ஒருவரையொருவர் உண்ட கதையைக் கூறியவாறு அங்கு வந்துசேரும் அந்நியனே உண்மையில் அவர்களை உண்டவன். 1846–47 குளிர்காலத்தில் அதே மலையில் டோனர் குழுவினருக்கு நேர்ந்த அவலம் இங்கு நினைவுக்கு வரும். எனினும் அவர்களைத் தூண்டியது பட்டினி. படத்தின் ஐவ்சைத் தூண்டுவதோ ஆசை. மனிதவூன் அவனது சயரோகத்தைத் தீர்த்து வலிமை தருகின்றது. உண்ணவுண்ணப் பசி பெருகுகின்றது. மேற்கு நோக்கிப் பரவுவது தமது ஊழ் என்ற அக்கால அரசியற் கோட்பாட்டை அவன் வாயிலாகவே ஒலிக்கச்செய்து, நிலப்பசியும் ஊன்பசியும் ஒன்றே என்கிறது படம். மூலதனத்தை இரத்தக் காட்டேரியாகக் கண்ட மார்க்சின் உருவகம் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

ஆயினும் படத்தின் குறைபாட்டை நாம் மறைத்தலாகாது. அது கையாளும் ‘வென்டிகோ’ நம்பிக்கை ஒஜிப்வே, கிறீ முதலான அல்கொன்கிய மொழிக்குடிகளுக்குரியது; கலிபோர்ணிய மக்களுக்குரியதன்று. மேலும், 1846இல் ஏறத்தாழ 150,000 ஆக இருந்த கலிபோர்ணிய ஆதிக்குடியினர், கொலை, நோய், பட்டினி, அடிமைப்படுத்தல் ஆகியவற்றால் 1870 அளவில் ஏறத்தாழ 30,000 ஆகக் குறைந்தனர். உண்மையில் விழுங்கப்பட்டோர் இவர்களே. படத்திலோ பெரும்பாலும் வெள்ளையர் வெள்ளையரையே உண்கின்றனர். ஆதிக்குடியினரான ஜோர்ஜும் மார்த்தாவும் ஓரத்திலேயே நிற்கின்றனர். உருவகம் கூர்மையானது, ஆனால் பலியானவர் அதனுள் இல்லை. எனினும், 2015இல் வெளிவந்த ‘போன் டொமஹோக்’ அதே பழியைக் குகைவாழ் குடியொன்றின்மீது மீளச்சுமத்தியதை நோக்குமிடத்து, பேர்ட்டின் படம் எவ்வளவு முன்னேறியது என்பது புலனாகும்.

இறுதிக் காட்சி ஆழமானது. கரடிப்பொறியில் ஐவ்சுடன் சேர்ந்து சிக்கிய பொய்ட், அவன் ஊனை உண்டு பிழைக்க மறுத்து மடிகிறான். அதே வேளையில், கோட்டைக்கு வந்த படைத்தலைவர் அடுப்பிலிருந்த கறியை யாதுமறியாது சுவைக்கிறார். தனிமனிதனின் அறம் அவனைக் காக்கலாம். பசியை நிறுவனமாக்கிய அமைப்பை அது அழிப்பதில்லை. இவ்வுண்மையை ஆறுதல் கூறாது சொல்வதே இப்படத்தின் வலிமை. மார்த்தா இருவரின் உடல்களையும் கண்டபின் கதவைச் சாத்திவிட்டு நடந்து செல்கிறாள். அவள் செல்லும் வழியிலிருந்து தொடங்கும் கதையே இன்னும் எடுக்கப்பட வேண்டிய படம்.