எலும்பின் அளவும் கொன்ற வயதும்: மந்தை வளர்ப்பின் தோற்றம் பற்றிய விமர்சனக் குறிப்பு

கோர்டன் சைல்ட் 1936 இல் தம் நூலில் விரித்துரைத்த ‘புதிய கற்காலப் புரட்சி’ என்னும் கருத்து நம் மாணவர் கட்டுரைகளில் பெரும்பாலும் ஆராய்வின்றியே எடுத்தாளப்படுகின்றது. உணவு தேடியோர் உணவு உற்பத்தி செய்வோராய் மாறியமையே பின்வந்த சமூக மாற்றங்களுக்கு அடித்தளம் என அவர் காட்டியமை பெரும் பங்களிப்பு, அதனை மறுப்பதற்கில்லை. ஆயின் அம்மாற்றத்துக்கு அவர் கூறிய காரணம் வேறு. அதனை இனங்காணப் பிறர் கையாண்ட அளவுகோல் வேறு. இரண்டுமே மறுபரிசீலனைக்குரியன.

வறட்சி மிகவே மனிதரும் விலங்கும் நீர்நிலைகளை அண்டி நெருங்கி வாழ நேர்ந்தது என்பது சைல்டின் விளக்கம். மேற்கு ஈரானின் சக்ரோஸ் மலைத்தொடரிலுள்ள கஞ்ச் தரே இதற்கு இடந்தரவில்லை. பிலிப் சிமித் 1965 க்கும் 1974 க்கும் இடையில் அகழ்ந்த இக்குடியிருப்பு ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழைமையுடையது. காட்டாடுகள் இயல்பாக வாழ்ந்த மலைப்பகுதியிலேயே அமைந்தது. அங்குள்ள மண்கற்களில் ஆட்டுக் குளம்புத் தடங்கள் பதிந்துள்ளன.

எலும்பு சிறுத்திருப்பின் விலங்கு பழக்கப்பட்டது என்பதே நெடுங்காலம் நிலவிய அளவுகோல். எளிமையே அதன் செல்வாக்குக்குக் காரணம் போலும். மெலிண்டா சீடரும் பிரையன் ஹெஸ்ஸும் 2000 இல் வெளியிட்ட ஆய்வு இதன் அடிப்படையையே அசைத்தது. ஆணை ஆணோடும் பெண்ணைப் பெண்ணோடும் ஒப்பிட்டபோது கஞ்ச் தரே ஆடுகள் காட்டாடுகளினும் சிறியனவாகத் தோன்றவில்லை. பின்னர் சராசரி குறைந்தது எவ்வாறு? ஆண் ஆடுகளிற் பெரும்பாலானவை இளமையிலேயே கொல்லப்பட்டன. பெண் ஆடுகள் முதிரும்வரை விடப்பட்டன. எலும்பு முற்றிய ஆடுகளை மட்டும் அளந்தோர்க்கு உருவிற் சிறிய பெண் ஆடுகளே மிகுதியாக அகப்பட்டன.

மிகுந்த இறைச்சி நாடும் வேடன் பெருத்த கிடாயையே குறிவைப்பான். மந்தையுடையோனுக்கோ இனப்பெருக்கத்துக்குச் சில கிடாய்கள் போதும். மறிகளைக் கொன்றால் மந்தை அழியும். இஃது ஆடு வளர்க்கும் எவரும் அறிந்ததே. ஆகவே கொன்ற வயதும் பாலும் காட்டுவது விலங்கின் உடலை அன்று, மனிதரின் முடிவை. உற்பத்தி முறையை நாடிய சைல்டுக்கு உடலளவை விட உகந்த சான்று இதுவே எனலாம். காரணத்தில் அவரை மறுக்கும் அதே களம் அவரது கேள்விக்கு வலுவூட்டுகின்றது.

எனினும் ‘புரட்சி’ என்னும் சொல் பொருந்துமா என்பது வேறு வினா. 2021 இல் வெளியான மரபணு ஆய்வு, கஞ்ச் தரேயில் வளர்ப்பாட்டு மரபினவற்றோடு, தொகையிற் குறைந்த காட்டு மரபினவும் கிடைத்தமையைக் காட்டிற்று. மந்தை வைத்திருந்தோர் வேட்டையைக் கைவிடவில்லை.