ஆக்டின் போய் பிபி2ஏ வந்தது

தண்ணீர் ஊற்றாமல் வாடவிட்ட செடியில் ஒரு மரபணுவின் வெளிப்பாடு இரண்டு மடங்கு கூடியது என்று கட்டுரை சொல்கிறது. எதோடு ஒப்பிட்டு இரண்டு மடங்கு? அளவு மாறாத இன்னொரு மரபணுவோடு. அதுதான் தராசின் எடைக்கல். கியூ-பிசிஆரில் ஒரு சுற்று வித்தியாசம் வந்தாலே கணக்கு இரட்டிப்பாகிவிடும். வாட்டத்தில் எடைக்கல்லே ஒரு சுற்று நகர்ந்திருந்தால், அந்த "இரண்டு மடங்கு" முழுக்க அதன் வேலையாகவே இருக்கலாம்.

ரொம்ப காலமாக எடைக்கல் என்றால் ஆக்டின், டியூபுலின், ஜிஏபிடிஎச்தான். செல்லுக்கு எப்பவும் தேவைப்படுவது, அதனால் மாறாது என்று ஒரு நம்பிக்கை. 2005இல் ஜெர்மனியின் கோல்ம் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்திலிருந்து செகோவ்ஸ்கி குழுவினர் எழுதிய கட்டுரை இதை உடைத்தது. பழைய பெயர்களை மட்டும் சோதிக்காமல், அராபிடாப்சிஸ் செடியின் மைக்ரோஅரே தரவுகளை மொத்தமாக அலசினார்கள். பழையவற்றைவிட நிலையான மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை குறைந்த அளவில் வெளிப்படுபவை. இது பெரிய வசதி, ஏன்னா நாம் அளக்க விரும்பும் மரபணுக்களும் பல நேரம் அந்த அளவில்தான் இருக்கும்.

அருமையான வேலை. ஆனால் படித்தவர்கள் அதன் தேடும் முறையை விட்டுவிட்டு, பட்டியலில் இருந்த பிபி2ஏ என்ற பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆக்டின் இருந்த நாற்காலியில் இப்போது அது. வேறு பயிர், வேறு திசு, வேறு நோய் என்றாலும் "முன்பே நிரூபிக்கப்பட்டது" என்று ஒரு மேற்கோளோடு முடித்துவிடுகிறார்கள்.

சோதித்துப் பார்க்கிறவர்களிடமும் ஒரு ஓட்டை உண்டு. 2002இல் வந்த ஜீநார்ம் மரபணுக்களை ஜோடி ஜோடியாக ஒப்பிடும். இரண்டு மரபணுக்கள் சேர்ந்தே ஏறி இறங்கினால் அவற்றின் விகிதம் மாறாது. இரண்டுக்கும் நல்ல மதிப்பெண்! ஒரே கட்டுப்பாட்டில் இயங்கும் இரண்டைப் பட்டியலில் போட்டால் ஒன்றுக்கு மற்றொன்று சாட்சி சொல்லும். தவிர, சோதித்த பத்தில் முதலிடம் வந்தது என்றால் மற்ற ஒன்பதைவிடத் தேவலை என்றுதான் அர்த்தம். அது அசையவே இல்லை என்று யார் சொன்னது?

ஜீநார்ம் கட்டுரையே ஒன்றை நம்பாதே, பல மரபணுக்களின் பெருக்கல் சராசரியை எடு என்றுதான் சொன்னது. 2009இல் வந்த மிக் நெறிமுறை இன்னும் கறார்: ஒரே மரபணுவை வைத்துக் கணக்கிட்டால், அந்தச் சோதனைச் சூழலில் அது மாறவில்லை என்பதற்குத் தெளிவான ஆதாரம் காட்டணும். இணைப்பில் ஓர் அட்டவணை போட்டால் போதும். அதைத்தான் பல கட்டுரைகளில் தேடிக்கொண்டிருக்கிறேன்.