சுருட்டை முடிக்கு ஒரு சட்டப் புத்தகம்: ‘கர்லி கேர்ள்’ நூலை முன்வைத்து

சுருட்டை முடி பராமரிப்பு என்று இணையத்தில் எதைத் தேடினாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருவோம். சல்ஃபேட் கூடாது, சிலிக்கோன் கூடாது, சீப்பு கூடாது. இத்தனை ‘கூடாது’களுக்கும் மூலம் லொரெய்ன் மாஸி எழுதிய ‘கர்லி கேர்ள்’ நூல். இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் சலூன் நடத்தியவர் அவர். நான் படித்தது 2011-இல் வந்த இரண்டாம் பதிப்பு. எனக்கும் சுருட்டை, என் மகளுக்கும் சுருட்டை. அதனால் வாசிக்க ஆரம்பித்தேன். பிறகு வழக்கம்போல அதன் அடியில் இருக்கும் வேதியியலையும் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முடி வெட்டுவது பற்றி மாஸி எழுதியிருப்பது இந்த நூலின் உயிர்நாடி. முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதற்குள் இரண்டு முக்கியமான பிணைப்புகள் உண்டு. கந்தக அணுக்கள் கைகோக்கும் டைசல்ஃபைடு பிணைப்பு வெறும் தண்ணீருக்கு அசையாது. ஹைட்ரஜன் பிணைப்பு அப்படியில்லை. நனைந்ததும் விட்டுவிடும், காய்ந்ததும் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஈரத்தில் தோளைத் தொடுகிற முடி காய்ந்ததும் காது வரைக்கும் ஏறிவிடுவது இதனால்தான். போதாக்குறைக்கு, ஒரே தலையில் உச்சியில் ஒரு மாதிரியும் பிடரியில் இன்னொரு மாதிரியும் சுருள் இருக்கும். நனைத்து, சீப்பால் இழுத்துப் பிடித்து நேர்க்கோட்டில் வெட்டினால், காய்ந்த பிறகு அந்தக் கோடு எங்கே இருக்கும்? காய்ந்த முடியில், சுருள் விழுகிற இடத்தைப் பார்த்து, ஒவ்வொரு சுருளாக வெட்டச் சொல்கிறார் மாஸி. நியாயமான பேச்சு.

ஆனால் அது ஒன்றே வழி என்று சொல்ல முடியாது. அதே நியூயார்க்கில் சுருட்டை முடிக்கென்றே பெயர் வாங்கிய வீடாட் என்பவரின் முறையில் ஈரமுடியைத்தான் வெட்டுகிறார்கள். ஈரமா, காய்ந்ததா என்பது இரண்டாம் பட்சம். முடி எவ்வளவு சுருங்கும் என்ற கணக்கு வெட்டுகிறவர் மனசில் இருக்கிறதா என்பதே முக்கியம்.

இனி குறைகள். சல்ஃபேட் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். சோடியம் லாரில் சல்ஃபேட் எண்ணெய்ப் பசையைக் கடுமையாக நீக்கும், உண்மைதான். சுருளின் வளைவுகளில் தலையின் இயற்கை எண்ணெய் நுனி வரை இறங்காது என்பதால் சுருட்டை முடி சீக்கிரம் வறண்டுபோகும் என்பதும் உண்மை. ஆனால் ஷாம்பு ஒரு கலவை. சோடியம் லாரெத் சல்ஃபேட்டோடு கோக்கமிடோப்ரொப்பைல் பீட்டெய்ன் சேர்ந்தால் அதன் கடுமை குறைந்துவிடும். இன்னொரு பக்கம், ‘சல்ஃபேட் இல்லாதது’ என்று அச்சடித்த பாட்டில்கள் சிலவற்றின் பின்பக்கம் பார்த்தால் ஒலிஃபின் சல்ஃபோனேட் என்று இருக்கும். பெயரில்தான் சல்ஃபேட் இல்லை, எண்ணெயை உருவுவதில் அது சளைத்ததல்ல. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்காமல் பெயரை மட்டும் வைத்துத் தடுக்கிற ஃபில்டர் இது.

இரண்டாவது, தண்ணீர். நூல் இதற்குக் கொடுக்கும் இடம் போதாது என்பது என் எண்ணம். நியூயார்க் குழாயில் வருவது மலைப்பகுதி நீர்த்தேக்கங்களின் மென்னீர். அங்கே கண்டிஷனரை வைத்தே தலையைக் கழுவினாலும் ஒருவேளை ஒப்பேறிவிடும். சென்னையில் பல வீடுகளில் போர் தண்ணீர்தான், பக்கெட்டிலேயே வெள்ளையாகப் படிகிற உப்பு. அந்தக் கால்சியம் முடியிலும் படியும். அதை வெறும் கண்டிஷனரால் எடுத்துவிட முடியாது.

மூன்றாவது, எண்ணெய். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் ‘ஜர்னல் ஆஃப் காஸ்மெடிக் சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே என்கிறது அது. அதில் உள்ள லாரிக் அமிலம் முடிக்குள் ஊடுருவும் என்பது அவர்கள் தரும் விளக்கம். எழுதியவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கிற நிறுவனத்தின் ஆய்வுத் துறைக்காரர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எப்படியோ, குளிப்பதற்கு முன் எண்ணெய் வைக்கும் நம் வழக்கத்தை முட்டாள்தனம் என்று தள்ள முடியாது. ஆனால் அப்படி வைத்த எண்ணெயை எடுக்க சீயக்காயோ ஷாம்புவோ வேண்டும். எண்ணெயும் வைப்பேன், கண்டிஷனர் மட்டுமே போட்டுக் கழுவுவேன் என்றால் தலை பிசுபிசுக்காமல் என்ன செய்யும்?

மாஸிக்கும் நியாயம் செய்ய வேண்டும். சுருள் வகைக்கு ஏற்பப் பராமரிப்பு மாறும் என்று அவரே பிரித்துத்தான் எழுதியிருக்கிறார். அது இணையத்தில் கைமாறிக் கைமாறி, ‘கூடாது’ மட்டும் மிஞ்சிவிட்டது.

இதெல்லாம் இவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்கலாம். எனக்குப் பெரிய விஷயம்தான். விதிகளைப் பின்பற்றியும் முடி சரிவரவில்லை என்றால் எந்தப் பெண்ணும் விதியைச் சந்தேகப்படுவதில்லை. “என் முடிதான் சரியில்லை” என்கிறாள். ஏற்கெனவே ‘பரட்டை’ என்று பள்ளிக்கூடத்தில் பெயர் வாங்கியவள் வேறு. அடுத்து அவள் போவது ஸ்ட்ரெயிட்டனிங்குக்கு. அந்த மருந்துகள் சிலவற்றிலிருந்து வருகிற ஃபார்மால்டிஹைடு, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கும் பொருள், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானது. சுருட்டை ஒரு குறையல்ல என்று சொல்ல வந்த நூலின் விதிகளே ஒருத்தியை அந்த நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தால், அதைவிட வேதனை வேறில்லை.

அதனால் என் பரிந்துரை: வெட்டுவது பற்றிய பகுதியைக் கட்டாயம் படியுங்கள். கழுவுவது பற்றிய பகுதியை உங்கள் வீட்டுத் தண்ணீரோடும் எண்ணெயோடும் வைத்துப் படியுங்கள். அடுத்த முறை பார்லருக்குப் போகும்போது எண்ணெய், ஜெல் எதுவும் இல்லாமல், பின்னாமல், காய்ந்த தலையோடு போங்கள். “நனைக்கிறதுக்கு முன்னாடி என் சுருள் எங்க விழுதுன்னு ஒரு தடவை பாத்துக்கங்க” என்று சொல்லுங்கள். அதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர் கையில் தலையைக் கொடுக்காதீர்கள்.