நிழலில் நிற்கும் பெற்றோர்

புனித சூசையப்பர் அனைத்துலகத் திருச்சபையின் பாதுகாவலராக அறிவிக்கப்பெற்றதன் 150ஆம் ஆண்டு நிறைவில், 2020 டிசம்பர் 8 அன்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 'பாத்ரிஸ் கோர்தே' என்னும் திருத்தூது மடலை வெளியிட்டார். 'தந்தையின் இதயத்தோடு' என்பது அதன் பொருள். கொரோனாப் பெருந்தொற்றின் நடுவே எழுந்த மடல் அது. பேரும் புகழும் பெறாத எளியோரே நம் வாழ்வைத் தாங்கி நிற்கின்றனர் என்று கூறும் அதன் முன்னுரை நெஞ்சைத் தொடுகிறது.

ஆயினும் அம்முன்னுரையில் ஓரிடம் நம்மைத் தயங்க வைக்கிறது. அன்றாட வழக்கங்களை மாற்றிக்கொண்டு நெருக்கடியை எதிர்கொள்ளப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பெற்றோரை மடல் பாராட்டுகிறது. ஆட்டிசம் உடைய பிள்ளையின் பெற்றோர் இவ்வரியை எவ்வாறு படித்திருப்பர்? அப்பிள்ளைகளுள் பலருக்கு மாறாத வழக்கமே காலூன்றும் நிலம். அதே பாதை, அதே பள்ளி, அதே நேரம் என்றிருந்தவை ஒரே நாளில் பறிபோயின. பள்ளியும் பயிற்சியும் நின்றுபோக, எல்லாப் பொறுப்பும் பெற்றோரின் தோளில் விழுந்தது. உறக்கமின்மையும் பதற்றமும் மனச்சோர்வும் அவர்களுள் பலரை வாட்டின.

ஸ்பெயின் நாட்டில் 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியபின், இத்தகைய பிள்ளைகள் துணையோடு வெளியே நடக்க அரசு அனுமதித்தது. ஆனால் மாடி முகப்புகளில் நின்ற சிலர், விதியை மீறுகின்றனர் என்றெண்ணி அவர்களை ஏசினர். அவ்வசைக்கு அஞ்சிப் பெற்றோர் சிலர் பிள்ளையின் கையில் நீலப் பட்டை கட்டி அழைத்துச் சென்றனர்.

மடலின் ஏழாம் பகுதி சூசையப்பரை நிழலில் வாழ்ந்த தந்தையாகக் காட்டுகிறது. நாமோ இப்பகுதியை மட்டும் பற்றிக்கொண்டு, 'இறைவன் தேர்ந்தெடுத்த பெற்றோர்' என்று புகழ்மாலை சூட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தியாகி என்று போற்றப்பட்டவர், 'என்னால் முடியவில்லை' என்று பிறகு யாரிடம் சொல்வார்?

இரண்டாம் பகுதியே இம்மடலின் உயிர் என்பது நம் கருத்து. சூசையப்பரின் அச்சத்தின் வழியாகவும் இறைத்திட்டம் செயல்பட்டது என்றும், நம் வலுவின்மையைக் கனிவோடு ஏற்கவேண்டும் என்றும் அது உரைக்கிறது. அவ்வாறாயின், பெற்றோரின் சோர்வு விசுவாசக் குறைவன்று. மனநல மருத்துவரை அவர்கள் நாடுவதும் குறைவன்று.

திருப்பலியில் குரலெழுப்பும் பிள்ளையைத் திரும்பி முறைக்கும்போது, நாமும் அந்த மாடி முகப்பில்தான் நிற்கிறோம். அங்கிருந்து இறங்கி வருவோம். ஒரு மாலைப்பொழுது அப்பிள்ளையோடு இருப்போம். அதன் தாய் சற்றே உறங்கட்டும்.