ஹிங்கெலின் பூகோள நாட்டியம்

சார்லி சாப்ளினும் அடால்ஃப் ஹிட்லரும் 1889-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நான்கே நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். அவ்விருவரின் மீசைப் பொருத்தத்தைப் பற்றி ஊரெல்லாம் எழுதித் தீர்த்தாயிற்று. ஆகையால் அதை விட்டுவிட்டு, 1940-இல் வெளிவந்த 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தில் சாப்ளின் சிருஷ்டித்த ஹிங்கெல் என்ற டோமேனிய நாட்டுச் சர்வாதிகாரி, நிஜமான கொடுங்கோலர்களுக்குப் பக்கத்தில் எவ்வளவு உயரம் நிற்கிறான் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் பிரசங்கம். தம் புகைப்படக்காரர் ஹாஃப்மனை எதிரில் நிறுத்தி, கையை எந்த வேகத்தில் உயர்த்துவது, விரல்களை எப்படி மடக்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்ட மனிதர் ஹிட்லர். நடிகனின் வித்தை நடிகனுக்குத் தெரியாதா? ஜெர்மன் போலத் தொனிக்கும் அர்த்தமற்ற ஒலிகளை மாத்திரம் வைத்துக்கொண்டு, அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்தையும் திடீர்க் கர்ஜனையையும் போலித் தழுதழுப்பையும் இருமலையும் சாப்ளின் அப்படியே எழுப்பிக் காட்ட, எதிரிலுள்ள மைக்கே நடுங்கிப் பின்னால் வளைகிறது. யூதர்கள்மீது ஹிங்கெல் உறுமித் தீர்த்ததை, மொழிபெயர்ப்பாளர் சாந்தமான ஒரே வரியில் பூசி மெழுகிவிடுகிறார். ரௌத்ரத்தின் பக்கத்திலேயே ஹாஸ்யம் உட்கார்ந்திருக்கும் விந்தை அது.

இதைவிட நுட்பமானது பூகோளக் காட்சி. தனித்திருக்கும் ஹிங்கெல், உலக உருண்டையைத் தாங்கியிலிருந்து எடுத்து, பலூனாகிய அதை விரல் நுனியில் சுழற்றி, தலையால் தட்டி, மேஜைமேல் குப்புறப் படுத்து இடுப்பால் எற்றி, காதலியை ஏந்துவதுபோல் ஏந்தி மயங்குகிறான். பின்னணியிலோ ஹிட்லருக்கு மிகப் பிரியமான வாக்னரின் 'லோகன்கிரின்' முன்னிசை! கடைசியில் உருண்டை முகத்தருகே வெடிக்க, மேஜையில் சாய்ந்து தேம்புகிறான். சக்கரவர்த்தியின் அகம்பாவத்துக்குள் பொம்மை கேட்கும் குழந்தை ஒன்று இருப்பதை, ஒரு வசனமுமின்றி, உடம்பின் லாகவம் ஒன்றாலேயே காட்டிவிட்ட இந்தக் கலைக்கு ஈடு சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முசோலினியின் நகலான அண்டை நாட்டுச் சர்வாதிகாரி நாபலோனியோடு நடக்கும் எல்லைத் தகராறும் வெறும் கற்பனையன்று. 1934-இல் ஆஸ்திரியப் பிரதமர் டோல்ஃபுஸ் கொலையுண்டபோது முசோலினி ஹிட்லரை எதிர்த்து எல்லைக்குப் படை அனுப்பியது சரித்திரம். சவரக்கடை நாற்காலிகளை இருவரும் போட்டி போட்டு உயர்த்திக்கொண்டே போவது அதன் சாராம்சம்.

ஆனால் ஓரிடத்தில் ஹிங்கெல் நிஜத்துக்கு எட்டவில்லை. யூதத் தனவந்தர் ஒருவரிடம் கடன் வாங்க வேண்டியிருக்கும்வரை கொடுமையை நிறுத்திவைத்து, கடன் கிடையாதென்றதும் மீண்டும் அவிழ்த்துவிடுகிறான். நிஜக் கொடுங்கோன்மை இவ்விதம் மனம்போன போக்கில் நடக்கவில்லை. 1935-இல் நியூரம்பர்க் சட்டங்களாக அச்சேறி, குமாஸ்தாக்களின் கோப்புகளில் ஒழுங்காக நகர்ந்தது. ஸ்டாலினும் 1937, 38-ஆம் ஆண்டுகளில் பெயர்ப் பட்டியல்களில் கையெழுத்திட்டே ஆயிரக்கணக்கானோரைச் சாகடித்தார். சித்திரவதை முகாம்களின் உண்மைக் கோரம் அன்றே தெரிந்திருந்தால் இந்தப் படத்தை எடுத்திருக்கவே முடியாது என்று சாப்ளினே 1964-இல் வெளிவந்த சுயசரிதையில் எழுதினார்.

படத்தின் இறுதியில், ஹிங்கெலென்று தவறாக எண்ணப்பட்டு மேடையேறும் நாவிதன் செய்யும் நீண்ட உபதேசத்தைப் போற்றுவோர் அநேகர். நல்ல உபதேசந்தான், கலை என்ற அளவில் அது அந்தப் பலூனுக்கு உறை போடக் காணாது.