ஒலியொப்புமையும் திருத்தத் தொலைவும்
அகராதித் தேடலிலும் பெயரடைவிலும் எழுத்து வேறுபட்ட சொற்களை இணைக்கப் பயன்படும் வழிமுறைகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை: ராபர்ட் ரசல் 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ், சோவியத் அறிஞர் லெவன்ஷ்டெய்ன் 1965இல் வகுத்த திருத்தத் தொலைவு.

சவுண்டெக்ஸ் சொல்லின் முதலெழுத்தை நிறுத்தி, எஞ்சிய உயிர்களை நீக்கி, ஒத்த மெய்களுக்கு ஒரே எண்ணைத் தருகிறது. ஆங்கில எழுத்தில் அமைந்த பெயர்களுக்கென எழுந்த இம்முறையை அப்படியே தமிழுக்குக் கொள்வது பொருந்தாது. ரகரம் மொழிமுதலில் வாராது என்னும் மரபால் 'இராமன்', 'ராமன்' என இருவகையாக எழுதுகிறோம். முதலெழுத்து மாறுவதால் இவை வெவ்வேறு குறியீடு பெறும். ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எண் தந்தாலோ 'அலகு', 'அழகு' ஆகிய இரண்டும் ஒன்றாகிவிடும்.

திருத்தத் தொலைவு முதற்குறையைத் தீர்க்கிறது; 'இராமன்', 'ராமன்' இவற்றிடையே ஓரெழுத்தே தொலைவு. (எழுத்தென இங்குக் குறிப்பது உயிர்மெய்யை, ஒருங்குறியில் 'கொ' இரு குறிகளாகவும் எண்ணப்படும்.) எனினும் அதன் கணக்கில் 'மரம்–மறம்', 'மரம்–கரம்' ஆகிய இணைகளுக்குத் தொலைவு ஒன்றே. எழுதுவோர் ரகர றகரங்களில் தடுமாறுவரேயன்றி மகரத்தைக் ககரமாக மயங்குவதில்லை. ஆகவே, மயங்கும் எழுத்துகளுக்குக் குறைந்த மதிப்புத் தரும் தொலைவே தமிழுக்கு ஏற்றது என்பது என் கருத்து.

அம்மதிப்புகளை ஊகித்து வைத்தல் தகாது; வட்டாரந்தோறும் பிழைகளைத் தொகுத்தே பெறவேண்டும். 'பழம்' தென்மாவட்டப் பேச்சில் 'பளம்'. சென்னைப் பேச்சில் 'பயம்'. பின்னது வேறு பொருளுடைய தனிச்சொல்லுமாதலால், பொருந்திய சொற்களைப் பட்டியலாகக் காட்டலாமேயன்றி, மொழிபெயர்ப்பாளரைக் கேளாது கணிப்பொறி திருத்துதல் ஆகாது.