கறுப்பெழுத்தின் கனிவு

ஒரு சொல்லின் பொருள் நெஞ்சைச் சேருமுன் அதன் வடிவம் கண்ணைச் சேர்ந்துவிடுகிறது. பேசுவோரின் குரல் செய்திக்கு இனிமையோ கடுமையோ சேர்ப்பது போல, அச்செழுத்தின் தோற்றமும் சொல்லுக்கு ஒரு குணத்தைச் சேர்க்கிறது. ஆகவே, கதையையும் கவிதையையும் போன்று அச்செழுத்தும் திறனாய்வுக்கு உரியதே. அவ்வகையில், ஆங்கில அச்சுலகில் நூறாண்டைக் கடந்து வாழும் ‘கூப்பர் பிளாக்’ என்னும் தடித்த எழுத்தின் இயல்பையும் பயனையும் ஈண்டு நோக்குவோம்.

தடித்த எழுத்து விளம்பரத்தின் பிள்ளை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் வார்ப்பாளர் இராபர்ட் தோர்ன் போன்றோர் நூலெழுத்தைப் பருக்கச் செய்து சுவரொட்டிக்கு ஏற்றதாக்கினர். லாட்டரி விளம்பரங்கள் அதனை விரும்பி ஏற்றன. நெடுங்கோடுகள் கரிய தூண்களாயின. குறுங்கோடுகளோ மயிரிழையாகவே நின்றன. அச்சுக்கலை பற்றி 1825இல் நூல் வெளியிட்ட ஹான்ஸார்ட் இவற்றைக் கடிந்துரைத்தார். அக்கண்டனத்தில் நியாயம் இல்லாமலில்லை. தொலைவில் நிற்பவனுக்குத் தூண்கள் தெரியும், இழைகள் மறையும். உரத்த குரல் கேட்கும், சொல் விளங்காது.

இக்குறையைத் தீர்த்தவர் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வாழ்ந்த ஆஸ்வல்ட் கூப்பர் (1879–1940). விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து வரைந்து பழகியவர். அந்நகரின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் வார்ப்பகம் இவரது ‘கூப்பர் ஓல்ட் ஸ்டைல்’ எழுத்தை 1919இலும், அதன் தடித்த வடிவமான ‘கூப்பர் பிளாக்’கை 1922இலும் வெளியிட்டது. தூரப்பார்வை கொண்ட அச்சகத்தாருக்கும் கிட்டப்பார்வை கொண்ட அவர்தம் வாடிக்கையாளருக்கும் உரிய எழுத்து இது என்று கூப்பரே வேடிக்கையாகக் கூறியதுண்டு.

இவ்வெழுத்தின் சிறப்பு அதன் பருமனில் இல்லை. அப்பருமனைத் தாங்கும் மென்மையில் இருக்கிறது. ஆங்கில எழுத்துக் கோடுகளின் முனையில் அமையும் சிறு பாதங்களைச் ‘செரிஃப்’ என்பர். பிற எழுத்துகளில் கூர்மையாய் நிற்கும் அப்பாதங்கள் இதில் உருண்டு திரண்டு, ஈரக் களிமண்ணை விரலால் அழுத்தியது போன்று தோன்றுகின்றன. அடிப்பகுதிகூடத் தட்டையாக அமையாது சற்றே வளைகிறது. ‘ஓ’ என்னும் எழுத்தின் உள்வெளி நேராக நில்லாமல் பின்னோக்கிச் சாய்கிறது. கூர்முனை இல்லாமையால் மட்டமான தாளில் மை கசிந்தாலும் உருவம் கெடுவதில்லை. கீழிறங்கும் வால்கள் குறுகியிருத்தலால் வரிகளை நெருக்கி அடுக்கவும் இயலுகிறது. அழகு வேறு, பயன் வேறு என்று பிரிக்க இயலாத அமைப்பு இது.

இதன் வெற்றியைக் கண்ட மோனோடைப் நிறுவனம் போட்டி எழுத்தொன்றை நாடிற்று. 1925இல் ‘கௌடி ஹெவிஃபேஸ்’ பிறந்தது. அதனை வரைந்த ஃபிரெடெரிக் கௌடி, கூப்பருக்கு எழுத்துக்கலை கற்பித்த ஆசிரியர்! மாணவரின் படைப்புக்கு ஆசிரியரே போட்டியாளராக நேர்ந்தது அச்சு வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

ஈய எழுத்தின் காலம் தளர்ந்து ஒளி அச்சுக்கோப்பு பரவியபோது கூப்பர் பிளாக் மறுவாழ்வு பெற்றது. உலோகக் கட்டையின் விளிம்பு தடுக்காததால், உருண்ட எழுத்துகள் ஒன்றையொன்று அணைத்தபடி நிற்கலாயின. 1966இல் வெளிவந்த ‘பீச் பாய்ஸ்’ குழுவினரின் ‘பெட் சவுண்ட்ஸ்’ இசைத்தட்டின் உறையை இவ்வெழுத்தே அணிசெய்தது. 1968 முதல் 1977 வரை பி.பி.சி. ஒளிபரப்பிய ‘டாட்ஸ் ஆர்மி’ தொடரின் தலைப்பும் இதுவே. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஊர்க்காவல் படையைப் பற்றிய தொடர் அது. ஆயினும் நகைச்சுவைத் தொடர். போரின் பெயரால் அஞ்சற்க, சிரிக்கலாம் என்று, முதல் உரையாடலுக்கு முன்பே எழுத்து சொல்லிவிடுகிறது. தக்க இடத்தில் தக்க எழுத்து என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

எனினும், எல்லா இடமும் இதற்குத் தக்க இடமன்று. ஒரு பெயர், ஒரு தலைப்பு, நான்கைந்து சொற்கள், இவையே இதன் எல்லை. ஒரு பத்தி முழுவதையும் இதில் அச்சிட்டால் உள்வெளிகள் அடைபட்டுத் தாள் இருண்டுவிடும். இரங்கற் செய்தியை இதில் அச்சிட்டாலோ, துயர வீட்டில் ஒருவன் புன்னகையோடு நுழைந்தது போலாகும். இவை எழுத்தின் குற்றமல்ல. இடமறியாது எடுத்தாள்வோரின் குற்றம்.

இதனினும் நுண்ணியதொரு கவலை உண்டு. கனிவான இவ்வெழுத்தை வணிகம் நன்கறிந்து வைத்திருக்கிறது. 1995இல் தொடங்கப்பட்ட ஈஸிஜெட் விமான நிறுவனம் தன் பெயரை இதிலேயே பொறித்துக்கொண்டது. மலிவான பயணத்துக்கு மகிழ்ச்சியான முகம் பொருத்தமே. ஆனால், பண்டம் எத்தகையதாயினும் அதற்கு நண்பனின் முகத்தைத் தந்துவிட இவ்வெழுத்தால் முடியும். இனிய குரலில் பேசுவோர் அனைவரும் நல்லதையே பேசுவர் என்பதில்லை அன்றோ? தின்பண்ட உறையையும் விளம்பரத் தாளையும் பார்த்து ஆசைகொள்ளும் நம் பிள்ளைகளுக்கு, சொல்லைப் படிப்பதோடு எழுத்தின் முகத்தையும் படிக்கக் கற்றுத்தருதல் நலம்.

உரக்கப் பேசியும் கடுமையின்றிப் பேச இயலும் என்று காட்டியதே கூப்பரின் சாதனை. அவ்வகையில் கூப்பர் பிளாக் பாராட்டுக்குரிய படைப்பே. அது சொல்லும் செய்தி மெய்யா என்று பார்ப்பது மட்டும் வாசகரின் கடமை.